ஆள் உருவம்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். "யோசிச்சு சொல்லும்மா, அவசரமில்ல" என்றாய். அதே மூச்சில் "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு, பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போவணும்" என்றும் சொன்னாய். அவசரமில்லாத காரியத்துக்கு வெள்ளிக்கிழமை எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். போனில் நீ ஆபீஸ் குரலில் பேசுவாய், நான் கடைக் குரலில் கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் "சரி, சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கோயில் வாசலில், கடையில் உட்கார்ந்து, மெழுகுவத்தி கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே எழுதுவதால் அங்கங்கே விட்டுவிட்டுப் போகும். பொறுத்துக்கொண்டு படி.

நீ கேட்டது என்ன என்று ஒருமுறை நானே எழுதிப் பார்க்கிறேன். உன் கல்யாணப் பத்திரிகையில் உன் நைனா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். அப்படிப் போடுவதென்றால் அதற்கு முன்பே அவருக்கு முறையாக ஓர் அடக்கம் நடந்திருக்க வேண்டும். கடலில் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம் கோயிலில் செய்கிற மாதிரி, அவருடைய சட்டை ஒன்று, என் கடையிலிருந்து ஓர் ஆள் உருவம், இரண்டையும் பெட்டியில் வைத்து மந்திரித்துப் புதைப்பது. ஃபாதரிடம் நீயே பேசிவிட்டாய். பெட்டி செய்கிற அந்தோணியிடமும் பேசிவிட்டாய். ஏதாவது ஒரு கிழமையில் காலைப் பூசை முடிந்ததும் நானும் உபதேசியாரும் போய்ப் புதைத்துவிட்டு வந்தால் போதும், உனக்கு லீவு கல்யாணத்துக்குத்தான் கிடைக்கும், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா" என்றாய். எல்லாம் முடிந்திருந்தது, நான் சரி என்று சொல்வது மட்டும் பாக்கி. அன்றைக்கு நான் தாலியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நீ சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது.

உன் மாமியாரைக் குறை சொல்லவில்லை. திருச்சியிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டு, "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, பத்திரிகையில மாப்பிள்ளையோட அப்பா பேரை எப்படிப் போடறதுன்னு எங்க பெரியவங்க கேக்கறாங்க" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் இறந்துவிட்டதாகச் சர்க்கார் காகிதம் போன வருஷமே வந்து பீரோவில் கிடக்கிறது. ஆனாலும் நான் தாலியோடும் பூவோடும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு இவள் சுமங்கலியா இல்லையா என்று குழப்பம் வரத்தான் செய்யும். எனக்கே சில நாள் வரும். "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். அவருக்கும் அதையேதான் சொன்னேன், உனக்கும் அதையேதான் சொன்னேன்.

இன்னொன்று. அம்மா என்ன செய்கிறார் என்று பெண் வீட்டில் கேட்டபோது, "சர்ச் வாசல்ல ஃபேன்சி ஸ்டோர்" என்றாயாம். நித்யாவே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கோபமில்லை. ஆனால் உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு நாம் எதில் சாப்பிட்டோம் என்று தெரிய வேண்டாமா? ஆகையால் இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு. நித்யா, நான் விற்பது உருவம். வெள்ளி என்று பெயர், வெள்ளி இல்லை என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும். மெல்லிய தகட்டை அச்சில் வைத்து அடித்தால் கண், காது, கை, கால், இருதயம், வீடு, தொட்டில், மீன்பிடிக்கப் போகிற போட்டு எல்லாம் வரும். எல்லாம் பெருவிரல் அளவு. யாருக்கு எது நோகிறதோ, எது வேண்டுமோ, எது கிடைத்ததோ, அதன் உருவத்தை வாங்கி மாதா பாதத்தில் இருக்கிற பெட்டியில் போடுவார்கள். கோயில்காரர்கள் பெட்டியைத் திறந்து மறுபடி என்னிடமே கொடுப்பார்கள். நான் துடைத்து மறுபடி தட்டில் வைப்பேன். ஒரே கால் எத்தனை கால்களுக்காகப் போய்வந்திருக்கும் என்று நானும் யோசித்திருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் கேட்கிற விதத்தைக் கேட்டால் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். "அக்கா, ஒரு கால் குடு." "ரெண்டு கண்ணு குடும்மா, எங்க மாமியாருக்கு." "ஒரு கொயந்த குடுக்கா." உருவம் என்ற சொல்லைக்கூட யாரும் சேர்க்க மாட்டார்கள். சின்னது என்றும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை எர்ணாவூர்ப் பக்கமிருந்து பெண்டாட்டியோடு வந்த ஒருவர், பாவம், பழக்கமில்லாதவர், "சின்ன வீடு ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டார். அவர் பெண்டாட்டி திரும்பிப் பார்த்த பார்வையில் மனுஷன் வெலவெலத்துப் போனார். பக்கத்தில் பூ விற்கிறவள் சிரித்த சிரிப்பில் கூடையே சாய்ந்தது. இப்போதெல்லாம் புது அச்சும் வருகிறது. விசாவுக்காக ஏரோப்ளேன் வாங்குகிறார்கள். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவர்கள் லாரி வாங்குகிறார்கள். கிட்னி வந்திருக்கிறது. கர்ப்பப்பையும் இருக்கிறது. ஆனால் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், விரலால் காட்டுவார்கள், நானும் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை பெங்களூர் அழைத்துப்போய் உன் ஆபீஸைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு அடுக்குமாடிக் கட்டடம், நடுவில் நீச்சல் குளம், கொத்துமல்லிக் கட்டு மாதிரி மரம், அரிசி அரிசியாக மனிதர்கள். இதெல்லாம் இன்னும் கட்டவேயில்லை, வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காக நாங்கள் செய்து கொடுக்கிறோம் என்றாய். "இதுக்கு மினியேச்சர்னு பேரும்மா. எல்லாம் நூத்துல ஒரு பங்கு. கதவு, ஜன்னல், மனுஷன், நாயி, எல்லாம் ஒரே கணக்கு." நான் குனிந்து பார்த்துவிட்டு, "துணி எங்கடா காயும்?" என்று கேட்டேன். "பால்கனில துணி போடக்கூடாதும்மா, அசோசியேஷன் உடாது" என்றாய். உன்கூட வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ என் தோளில் கை போட்டு, "எங்கம்மாவும் நானும் ஒரே தொழில்தான்" என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை அளந்து சொல்ல முடியாது. ராயபுரத்துக்கு வந்து இறங்கிய உடனே தெருவெல்லாம் சொன்னேன்.

ஆனால் ரயிலில் வரும்போதே ஒரு யோசனை ஓடியது. ஒரே தொழில் இல்லை தம்பி. உன் மினியேச்சரில் எல்லாம் கணக்குப்படி சின்னது. கதவுக்குத் தகுந்த மனுஷன், மனுஷனுக்குத் தகுந்த நாய். என் தட்டில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. கண்ணும் வீடும் ஒரே அளவு. காதைவிடப் போட்டு சின்னது. உன்னுடையதைப் பார்த்தால் நிஜம் எவ்வளவு பெரிது என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். என்னுடையதில், வாங்குகிறவர் கையில் போனால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும். தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் பெண்டாட்டிக்காகக் கிட்னி வாங்க வருவார். அந்தத் தகடு காற்றடித்தால் பறந்துவிடும். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நிறைகுடம் தூக்குகிறவர் மாதிரி படி ஏறுவார். மினியேச்சர் பார்ப்பதற்கு, உருவம் கொடுப்பதற்கு. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எதற்கு வீண் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

சின்ன வயதில் உனக்கு இந்த வித்தியாசமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைக்குப் பின்னால் சாக்கை விரித்துப் போட்டு, என் தட்டைக் கவிழ்த்து ஊர் கட்டுவாய். வரிசையாக வீடு, ஓரத்தில் போட்டு, நடுநடுவே காதும் காலும். உன் நைனா கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எதிரில் குந்துவார். "இன்னாடா நைனா, ஊரையே கட்டிகினு கீற. நடுவுல இது யாரு காது?" "தெருவோட காது. ஆரன் அட்ச்சா கேக்க வாணாமா?" அவர் சிரிக்கிற சிரிப்பில் புரை ஏறும். "அப்ப நான் எங்கடா கீறேன்?" என்று கேட்டார் ஒருநாள். நீ யோசிக்கவே இல்லை. போட்டு உருவத்தைத் தொட்டுக் காட்டி, "உள்ள" என்றாய். அது வெறும் தகடு, உள்ளே ஈகூட நுழைய முடியாது. நீ அப்படிச் சொன்னதில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. போட்டு என்றால் அதற்குள் ஆள் உண்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தப் புயல் நாள் உனக்கும் தெரியும், நித்யாவுக்காகச் சொல்கிறேன். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். உன் நைனா ஐந்து பேரில் ஒருவராகக் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போயிருந்தார். போட்டை ஓட்டுகிற டிரைவர் தேவராஜ். கரைக்குத் திரும்பச் சொல்லி அறிவிப்பு வந்தது, மற்ற போட்டெல்லாம் வந்து சேர்ந்தது, இந்த ஒன்று மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. ஐந்து வீட்டுப் பெண்களும் மழையில், போட்டு வந்து அணைகிற வார்ப்பில் நின்றோம். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டு கடலில் இருக்கும்போது தனி ஆளுக்கு உருவம் வைக்கக் கூடாது. ஒருத்தரை மட்டும் பிரித்தெடுத்து வேண்டினால் மற்றவர்களைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். எல்லா வீடும் சேர்ந்து ஒரு போட்டுதான் வைக்க வேண்டும். தேவராஜ் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கடையிலதானே கீது, நீயே போய் வெச்சுட்டு வாக்கா" என்றாள்.

ஓடி வந்து கடையைத் திறந்தேன். தட்டில் போட்டும் இருந்தது, ஆளும் இருந்தது. என் கை முதலில் ஆளிடம்தான் போனது. எடுத்தும் விட்டேன். அப்புறம் அந்த நாலு பெண்கள் முகம் ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல போட்டாக, அச்சு தெளிவாக விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் மாதா பெட்டியில் போட்டேன். முழந்தாள் போட்டு எழுந்து வந்தேன். மறுநாள் விடிந்ததும் போட்டு வந்தது. ஒரு கீறல் இல்லை. இன்ஜின்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் இறங்கினார்கள். தேவராஜ் என்னைப் பார்க்காமலே, "பின்னாடி கயிறு கட்டிகினு இருந்தாரு. அலை ஒண்ணு வந்துச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல" என்றார். எல்லோரும் அழுதார்கள். நான் போட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது கேட்டபடி வந்திருக்கிறதே என்று நினைத்தேன். வேறு ஒன்றும் மனதில் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ கத்தினாய். "ஏம்மா போட்டைக் குட்த்த? ஆளைக் குட்த்திருக்கணும்ல? தினம் ஊருக்கே எட்த்துக் குடுக்கற, உனக்குத் தெரியாதா?" தெருவே கேட்டது. உன்மேல் அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. பதிலுக்கு ஓடி ஓடிப் படித்தாய், மார்க் வாங்கினாய், ஊரைவிட்டுப் போனாய். நல்லதுதான் செய்தாய். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கடையைத் திறந்தேன். எல்லோரும் இவள் நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். அழுத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, மரத்துப் போய்விட்டது. ஒரே பக்கம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி. பண்டிகைக்குப் புடவை கட்டினேன், கறி சமைத்தேன், உன் கான்வகேஷனுக்கு வந்து கை தட்டினேன். எல்லாவற்றிலும் இடித்த புளி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்திருப்பாய். உனக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆள் உருவம் மட்டும் இன்றுவரை என் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. யாராவது கேட்டால் தட்டை நீட்டி, "நீங்களே எட்த்துக்கோங்க" என்பேன். அந்த உருவத்தைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். முழுக்கால் சட்டை, வாரிய தலை, இரண்டு கையும் கூப்பி நல்ல பிள்ளையாக நிற்கும். உன் நைனா என்றைக்குக் கை கூப்பினார்? கல்யாணத்தன்று ஃபாதர் சொல்லிச் சொல்லிக் கூப்பினார், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை நம்மை உள்ளே அனுப்பிவிட்டு மதிலோரம் மீரான் பாய் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "நீ உள்ள போய் சொல்றதெல்லாம் எனக்கும் சேத்துதானே, நான் வேற எதுக்கு" என்பார். எல்லா ஆம்பிளைக்கும் ஒரே அச்சுதான். அதை ஏன் இத்தனை வருஷம் புதைக்க மறுத்தேன் என்று ஃபாதர் கேட்டார், நீயும் மனதுக்குள் கேட்டிருப்பாய். மாதா பெட்டியில் போட்டால் அது கேட்பது. மண்ணில் போட்டால் அது கொடுத்துவிடுவது. நான் இன்னும் கேட்கவே இல்லையே தம்பி. போட்டைத்தானே கேட்டேன். கேட்காத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது என்று புரியவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. நீயும் அவளும் வீடு வேண்டும், கார் வேண்டும், பெரிய வேலை வேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் வீடு வந்தால் அதற்குள் ஆளும் வந்துவிடுவார் என்று நினைத்துவிடாதே. அவளைக் கேள். அவள் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், ஃபிளாட்டில் என்ன குறை என்று தேடாமல், "உனக்கு இன்னா ஆச்சு" என்று வாயைத் திறந்து கேட்டுவிடு. ஊர் என்ன நினைக்கும், மற்றவர் என்ன நினைப்பார் என்று கையில் எடுத்ததைக் கீழே வைக்காதே. நித்யா, உனக்கும் இதுதான். இவன் அப்பாவை மாதிரியே சிரிப்பான், அம்மாவை மாதிரியே பேசாமல் இருப்பான். பேசாமல் இருக்கும்போது விட்டுவிடாதே, உலுக்கு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை கடையை அரை மணி நேரம் பூக்காரியிடம் விட்டுவிட்டு அந்தோணியைப் பார்க்கப் போனேன். நீ போனில் சொன்ன பெட்டி தயாராகவே இருந்தது. வெள்ளைத் துணி ஒட்டி, மேலே சிலுவை வைத்து, மேசைமேல் வைத்திருந்தான். நீ வாட்ஸ்அப்பில் படம் வரைந்து, நீளம் அகலம் எல்லாம் எழுதி அனுப்பியதைக் காட்டினான். "தம்பி கரீட்டா போட்டுகினு கீதுக்கா. நெஜப் பெட்டில நாலுல ஒரு பங்கு. தலமாட்டு அகலம், கால்மாட்டு அகலம், மூடியோட சரிவு, ஒண்ணு கூட தப்பல" என்று மெச்சிக்கொண்டான். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அப்புறம் அவன் கடையில் அலமாரிக்கு மேலே பார்த்தேன். அதே அளவில் இன்னொரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அது யாருக்கு என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை. பிறந்து தங்காத குழந்தைகளுக்கு அந்த அளவில்தான் செய்வார்கள்.

"அந்தோணி, இது யாரு பெட்டி?" என்றேன்.

"இன்னாக்கா கேக்கற? அண்ணன் பெட்டிதான்."

"அண்ணன் இதுல படுப்பாரா?"

அவன் உளியைக் கீழே வைத்தான். "கொயந்த சைசுதான்க்கா வருது. எனக்கும் மனசு கேக்கல. தம்பி சொல்லுச்சேன்னுதான் அட்ச்சேன்" என்றான்.

உன்மேல் தப்பில்லை. உன் தொழிலில் எது பெரிதாக இருந்தாலும் கணக்குப் போட்டுச் சின்னதாக்கிக் கையடக்கமாகக் கொடுப்பீர்கள், எல்லோருக்கும் அது சௌகரியம். எனக்கும்கூட சௌகரியம்தான், ஒரு பையில் வைத்து நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் தம்பி, உன் நைனா கட்டிலில் கால் நீட்டிப் படுத்தால் பாதம் வெளியே நிற்கும், நீ சின்னப் பிள்ளையில் அதில் துண்டைக் கட்டி ஊஞ்சல் ஆடுவாய். அந்த மனுஷனை நாலில் ஒரு பங்காக்க எனக்கு மனம் வரவில்லை. ஆள் உருவம் பெருவிரல் அளவாக இருக்கலாம், அது உருவம். பெட்டி அவருடையது. அந்தோணியிடம் முழு அளவு சொன்னேன். தோள் அகலம் என் கையை விரித்துக் காட்டினேன். பாதத்துக்கு இன்னும் நாலு விரல் சேர்க்கச் சொன்னேன். அவன், "உள்ள ஒண்ணுமில்லியேக்கா. தூக்கும்போது அந்தத் தகடு இங்கியும் அங்கியும் உருளுமே, சத்தம் கேக்குமே" என்றான். "கேக்கட்டும்" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ வருஷமாக வராதது, மரத்தூளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அந்தோணி சோடா வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, மறுபடி பழையபடி ஆகிவிட்டேன். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. எழுத உட்கார்ந்ததால் சொல்கிறேன்.

அங்கிருந்து காசிமேட்டுக்குப் போனேன். தேவராஜும் மற்ற மூன்று பேரும் போட்டுக்குப் பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு அந்த நாலு பேரும் நம் தெரு வழியாக வருவதே இல்லை, சுற்றிக்கொண்டு போவார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். "அவருக்கு அடக்கம் வெச்சிருக்கேன். பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றேன். தேவராஜ் தயங்கி, "உள்ள இன்னாம்மா கீது?" என்று கேட்டார். "ஒரு சட்டை, ஒரு உருவம்." அதற்கு எதற்கு இத்தனை பேர் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலு பேரும் வர்றோம்மா. அன்னிக்கி கூட்டியார முடியல. நான் முன்னாடி புட்ச்சிக்கறேன்" என்றார். "முன்னாடி அவர் புள்ள கீறான். நீங்க பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மீரான் பாய் கடையில் டீ குடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், "என் தோஸ்த்துக்கு நான் தோள் குடுக்காம யாரு குடுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஆகவே பத்திரிகையில் 'காலஞ்சென்ற' என்றே போடு. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடு. தாலியை நான் கழற்றிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் பூ வைக்காமல் வருவேன், உன் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவை, அந்த அம்மா சங்கடப்படக் கூடாது. ஆள் உருவத்தை நேற்று சாயங்காலம் என் கையாலேயே தட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டேன்.

லீவு இல்லை என்று சொல்லாதே. முழுப் பெட்டிக்கு ஆறு தோள் வேண்டும். இங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆறாவதற்கு வரத் தெருவில் பத்துப் பேர் தயார், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பக்கம் இடது கைப் பக்கம் உன் இடம். பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீ வந்து தோள் கொடுக்கும்வரை தூக்க மாட்டோம்.

அம்மா